கோட்டுக்குக் கறுப்பு, சாம்பலுக்குப் புள்ளி

செய்தித்தாள் அச்சாகும் இடத்தில் சாம்பல் நிற மை என்று ஒரு டப்பா கிடையாது. கறுப்பு மை உண்டு, காகிதத்தின் வெளுப்பு உண்டு, அவ்வளவுதான். ஒரு இடத்தில் மையை வைப்பது, அல்லது வைக்காமல் விடுவது என்ற இரண்டு வேலைதான் அச்சு இயந்திரத்துக்குத் தெரியும். கொஞ்சமாக வை என்றால் அதற்குப் புரியாது. ஆனாலும் காலையில் பேப்பரை விரித்தால், கார்ட்டூனில் அமைச்சரின் துண்டு இளஞ்சாம்பலாகவும் அவருக்குப் பின்னால் நிற்கும் காரின் நிழல் அடர்சாம்பலாகவும் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தச் சாம்பல் காணாமல் போய்விடும். வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் நிற்கும்.

நான் காரைக்குடியில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் மணிவிழா, சதாபிஷேகம், கும்பாபிஷேகம் என்று எது நடந்தாலும் ஒரு மலர் போடுவார்கள். அந்த மலர்களுக்குப் பழைய படங்களை ஸ்கேன் செய்வதும் சரிசெய்வதும் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் லூப் என்ற சிறிய பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். எந்த அச்சுத்தாளைப் பார்த்தாலும் அதை வைத்து ஒரு முறை பார்க்காமல் விடமாட்டேன். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்: நல்ல கார்ட்டூனில் புள்ளி தன் இடத்தில் நிற்கும், கோட்டின் மேல் ஏறாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நூறு வருஷத்துக் கார்ட்டூன் அச்சின் பாதிக் கதை அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் இரண்டு வகைப் புள்ளிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படித்தவர்கள்கூட இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று ஹாஃப்டோன் புள்ளி. புகைப்படத்துக்கானது. இதில் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் மாறாது, புள்ளியின் அளவுதான் மாறும். வெளிச்சமான கன்னத்தில் ஊசிமுனை அளவு, தாடை நிழலில் பருத்த புள்ளி. பாதிக்கு மேல் இருட்டான இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது லூப்பில் தெரிவது கறுப்புத் தரையில் வெள்ளைப் புள்ளிகள். இன்னொன்று டின்ட் புள்ளி. ஓர் இடம் முழுவதும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பரப்பில் இருபது சதவீதம் மை என்றால் அந்த இடம் முழுக்க இருபது சதவீதம். கார்ட்டூன்காரர்கள் பெரும்பாலும் நம்பியது இந்த இரண்டாவதைத்தான்.

இந்த வித்தியாசத்தைத் தகட்டிலேயே தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைத்தது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. தூண், கதவு, எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி எல்லாம் வெளியில் நிற்க, உள்ளே ஒரு மூலையில் மரத்தட்டு நிறைய அச்சு பிளாக்குகள் கிடந்தன.

“இது எங்கேருந்து வந்துச்சு அண்ணே?” என்றேன்.

“யாரோ அச்சாபீஸைக் காலி பண்ணுனப்ப மூட்டையா வந்துச்சு தம்பி. ஆணி, மரம்னு எடைக்குத்தான் வாங்குனேன். வேணும்னா பார்த்து எடுத்துக்கங்க.”

இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்று, குடை பிடித்தபடி வெள்ளத்தில் நிற்கும் ஒருவரின் கார்ட்டூன். இன்னொன்று, தலைப்பாகையும் வெள்ளை அங்கவஸ்திரமும் அணிந்த ஒரு பெரியவரின் மார்பளவுப் படம். இரண்டும் மரக்கட்டை மேல் ஆணி அடித்துப் பொருத்திய உலோகத் தகடுகள். கட்டையும் தகடும் சேர்ந்து ஏறத்தாழ 23.3 மில்லிமீட்டர் உயரம். ஈய எழுத்தின் உயரமும் அதுவே. எழுத்தோடு எழுத்தாகப் பூட்டி ஒரே நேரத்தில் அச்சடிக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு.

தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், புள்ளி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு குட்டித் தூண் என்பது தெரியும். தலை தட்டையாக இருக்கும், சுற்றிலும் பள்ளம். பள்ளம் அமிலம் அரித்தது. கோட்டுப் படத்துக்கான லைன் பிளாக் என்றால் துத்தநாகத் தகட்டில் ஒளியுணர் பூச்சு பூசி, நெகடிவ் வழியாக வெளிச்சம் காட்டி, பிறகு நைட்ரிக் அமிலத்தில் அரிப்பார்கள். அமிலம் கீழே மட்டும் அரிக்காது, பக்கவாட்டிலும் அரித்துக்கொண்டு போகும். அப்படி விட்டால் புள்ளி அடியோடு சாய்ந்துவிடும். அதைத் தடுக்க டிராகன்ஸ் பிளட் என்ற சிவப்புப் பிசின் தூளை நான்கு பக்கமும் தடவிச் சூடுகாட்டி, தூண்களின் பக்கச் சுவரில் பிடிக்க வைத்து, மறுபடி அமிலத்தில் போடுவார்கள். ஒரே தகட்டுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நாம் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பும் ஒரு கார்ட்டூனின் நிழலுக்காக யாரோ ஒருவர் இந்த நெடியில் நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு அந்தத் தகட்டின் மேல் பெரிய மரியாதை வருகிறது.

இனி இரண்டு தகடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெரியவரின் படத்தில் அங்கவஸ்திரம் வெள்ளைதான். ஆனால் அந்த வெள்ளையிலும் குட்டிக்குட்டிப் புள்ளிகள் இருக்கின்றன. ஹாஃப்டோன் எடுக்கும்போது, படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் கட்டம் போட்ட ஸ்கிரீன் படம் முழுவதையும் மூடிவிடும். தனியாகக் கைவேலை செய்து நீக்கினால் ஒழிய, சுத்த வெள்ளை என்பது அதில் வராது. குடைக்காரர் தகட்டில் கதை வேறு. அவருடைய வேட்டி இருக்கும் இடத்தில் வெறும் பள்ளம். ஒரு புள்ளிகூடக் கிடையாது. அச்சடித்தால் காகிதத்தின் சொந்த வெளுப்பு அப்படியே நிற்கும். வேட்டியின் மடிப்புக்கோடு விளிம்பு சிதையாமல் வழவழப்பாக ஓடுகிறது. வெள்ளத்து நீரில் மட்டும் புள்ளிகள் படர்ந்திருக்கின்றன.

வாஷ் என்று சொல்லும் நீர்மைப் பூச்சில் கார்ட்டூன் வரைந்து, அதை ஹாஃப்டோன் எடுத்து மட்டமான தாளில் அச்சடித்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகித்துவிடலாம். வெள்ளை மங்கும். அதைவிட மோசம், கறுப்புக் கோட்டின் ஓரத்தை ஸ்கிரீன் கடித்துவிடும். பிரஷ் ஒரே இழுப்பில் இழுத்த கோடு, ரம்பப் பல்லாக வந்து விழும். கார்ட்டூனின் உயிர் கோட்டில் இருக்கிறது. ஆனந்த விகடன் ஓவியர்கள் மாலியும் கோபுலுவும் ஒரு புருவத்தை வளைத்தே ஆளின் குணத்தைச் சொன்னவர்கள். அந்தப் புருவம் பல் பல்லாக உடைந்தால் படத்தில் மிஞ்சுவது என்ன?

அதனால் கார்ட்டூன் உலகம் வேறு வழியை நம்பியது. 1879-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஹென்றி டே என்பவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அவருடைய அப்பாவும் பெஞ்சமின் டேதான், 1833-இல் நியூயார்க் சன் பத்திரிகையைத் தொடங்கியவர். மகன் செய்தது இது: ஒளி ஊடுருவும் ஒரு ஜெலட்டின் சவ்வு, அதன் ஒரு பக்கம் முழுக்கப் புடைத்து நிற்கும் புள்ளிகள். சவ்வைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உருளையால் மை ஏற்றி, தகட்டின் மேல் கவிழ்த்து, சாம்பல் வேண்டிய இடத்தில் மட்டும் மேலிருந்து தேய்ப்பார்கள். தேய்த்த இடத்தில் புள்ளி ஒட்டும். தேவையில்லாத இடங்களில் முன்கூட்டியே ஒரு பசையைப் பூசி மறைத்துவிடுவார்கள், பிறகு கழுவிவிடலாம். கோடு இருந்தபடி இருக்கும். புள்ளி மட்டும் வந்து சேரும். இதைத்தான் இன்றும் பென்டே புள்ளி என்கிறோம். 1960-களில் அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் ஆளுயரக் கித்தானில் வரைந்து புகழ்பெற்ற புள்ளிகள் இவற்றின் பெருக்கிய வடிவம்தான்.

கார்ட்டூனிஸ்ட் தன் மூலப்படத்தில் சாம்பல் வேண்டிய இடத்தில் வெளிர்நீலத்தைத் தடவி அனுப்புவார். பிளாக் எடுக்கும் ஃபிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்று. கேமராவில் நீலம் விழாது. ஆனால் பிளாக் போடுபவர் கண்ணுக்குத் தெரியும், இங்கே டின்ட் போட வேண்டும் என்று புரிந்துகொள்வார். வரைபவருக்கும் பட்டறைக்காரருக்கும் நடுவே இப்படி ஒரு பேச்சு, காகிதத்திலேயே நடந்திருக்கிறது. அச்சில் வந்த சாம்பலில் பாதி, கையெழுத்துப் போடாத அந்தப் பட்டறைக்காரருடையது. எந்தக் கார்ட்டூனின் கீழும் அவர் பெயர் இல்லை. இதை நான் ஒரு குறையாகவே சொல்கிறேன்.

பிறகு வந்தவை வேலையை வரைபவர் மேஜைக்கே கொண்டுவந்தன. ஜிப்-அ-டோன், லெட்ராடோன் என்று புள்ளி அச்சடித்த ஒட்டுத்தாள்கள் வந்தன. கத்தியால் வெட்டி, ஒட்டி, எலும்புக் கரண்டியால் தேய்த்துப் படிய வைப்பார்கள். மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளின் ஓவியர்கள் இதையே ஒரு பெருங்கலையாக வளர்த்தெடுத்தார்கள். இன்னொரு பொருள் எனக்கு மிகவும் பிடித்தது: அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கிராஃப்டின்ட் என்ற கம்பெனி செய்த வரைதாள். பார்ப்பதற்கு வெறும் வெள்ளை அட்டை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு அடுக்குக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு ரசாயனத்தைப் பிரஷ்ஷால் தடவினால் ஒரு பக்கமாகச் சாய்ந்த கோடுகள் எழும்பும், இளஞ்சாம்பல். இன்னொன்றைத் தடவினால் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து எழும்பும், அடர்சாம்பல். அமெரிக்கச் சித்திரக்காரர் ராய் கிரேன் தன் தொடர் சித்திரங்களில் கடலையும் பாலைவனத்தையும் இந்தத் தாளில்தான் விரித்தார். வெள்ளை, இரண்டு சாம்பல், கறுப்பு, அவ்வளவில் ஒரு முழு மாலை நேரம் வந்துவிடும்.

இதெல்லாம் எப்படிச் சாம்பலாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நல்ல பார்வை உள்ள கண்ணுக்குக் கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குதான் எல்லை. அதைவிடச் சின்ன இடைவெளியை அது பிரித்துப் பார்க்காது. ஒரு புள்ளி, அதற்கடுத்த ஒரு வெற்றிடம், இரண்டும் சேர்ந்து அந்த அளவில் இரண்டு பங்குக்குக் கீழே போய்விட்டால் கண் சராசரி எடுத்துவிடும். பழைய செய்தித்தாள்களின் ஸ்கிரீன் அங்குலத்துக்கு 65 வரிசை. அதாவது புள்ளிக்குப் புள்ளி சுமார் 0.39 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் முக்கால் மீட்டருக்குள் கரைந்துவிட வேண்டும். பேப்பரை மடியில் வைத்துப் படிக்கும் தூரத்தில் உற்றுப் பார்த்தால் தெரியும், கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெரியாது.

போன பொங்கலுக்கு எங்கள் பெரிய வீட்டில் பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்தார்கள். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்த ஒரு தாளை அச்சடித்து, முகப்பை ஒட்டிய வளவுத் தூணில் ஒட்டினேன் (வளவு என்பது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்). பக்கத்திலேயே, அதே அளவு கறுப்பை அதைவிட மிக நெருக்கமான புள்ளிகளால் நிரப்பிய இன்னொரு தாள். பிள்ளைகளைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். செட்டிநாட்டு வளவு இதற்கென்றே கட்டியது போல நீளம். பாதி தூரம் வரைக்கும், “புள்ளி தெரியுது சித்தப்பா, தெரியுது” என்று கத்திக்கொண்டே போனார்கள். இரண்டாங்கட்டு வாசல் பக்கம் போனதும் அண்ணன் மகள் நின்றுவிட்டாள். “ரெண்டும் ஒரே மாதிரி ஆயிருச்சு.” சூத்திரப்படி எட்டரை மீட்டருக்கு மேல் கரைய வேண்டும், கிட்டத்தட்ட அங்கேதான் நின்றாள். கண்ணாடி போட்ட அண்ணன் மகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அவனுக்கு நாலு எட்டிலேயே கரைந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

புள்ளி வரிசைகள் நேராக, குறுக்காக ஓடினால் கண் சட்டென்று பிடித்துவிடும். 45 பாகை சாய்த்து வைத்தால் அதே நெருக்கத்தில் உள்ள வரிசைகூட அவ்வளவு சீக்கிரம் தெரியாது. செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் நம் பார்வை கூர்மை, சாய்வுக்குக் கொஞ்சம் மந்தம். அதனால்தான் கறுப்பு ஸ்கிரீன் வழக்கமாக 45-இல். வண்ணப் பக்கம் என்றால் நீலத்துக்கு 15, சிவப்புக்கு 75, மஞ்சளுக்கு 0 என்று ஒன்றுக்கொன்று விலக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் புள்ளிகள் மோதி அலை அலையாகக் கோலம் விழும்.

சரி, 65 வரிசை இவ்வளவு பெரிசாகத் தெரிகிறது, நெருக்கமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். நெருக்கமாக வைக்காததற்குக் காரணம் காகிதம். நியூஸ்பிரிண்ட் பூச்சில்லாத தாள், சதுர மீட்டருக்கு 45 கிராம்தான் இருக்கும். மை அதில் காய்வது கிடையாது, உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஈரச் சுண்ணாம்புச் சுவரில் விழுந்த நீலச்சொட்டு மாதிரி விளிம்பு விரியும். இந்த விரிவு எல்லாப் புள்ளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. விஷயமே இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஓரத்திலும் 0.02 மில்லிமீட்டர் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 ஸ்கிரீனில் 10 சதவீதச் சாம்பலுக்கான புள்ளி 0.14 மில்லிமீட்டர் குறுக்களவு. விரிந்தால் 0.18. பத்து சதவீதம் பதினேழு ஆகும். இதையே 133 ஸ்கிரீனில் செய்தால் புள்ளி 0.07, விரிந்தால் 0.11. பத்து சதவீதம் இருபத்தைந்து ஆகிவிடும்! நெருக்கமாக வைக்க வைக்கப் படம் கறுத்துக்கொண்டே போகும். ஆர்ட் பேப்பரில் 150, 175 என்று போகலாம், அந்தத் தாள் மையை மேலேயே தாங்கிக்கொள்ளும். செய்தித்தாளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆஃப்செட் வந்த பிறகுகூட 85, 100 என்ற அளவில்தான் பெரும்பாலும் நிற்கிறது.

இதை வெறும் குறையாக நான் பார்க்கவில்லை. காகிதம் எவ்வளவு உறிஞ்சும் என்று தெரிந்து, அதற்கு ஏற்ப ஒரு பங்கு குறைத்தே டின்ட் வைத்து, காலை ஐந்து மணிக்குப் பேப்பர் வந்து விழும்போது சரியான சாம்பலாக வந்து நிற்கும்படி செய்தார்களே, அது பெரிய கைத்திறன். வரைகிற நேரத்தில் இல்லாத ஒரு நிறத்தை மனதில் வைத்து வரைவது அது.

ஹாஃப்டோனின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார், தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சத்யஜித் ராயின் தாத்தா. தன் புத்தகத்துக்கு வரைந்த படங்கள் மரக்கட்டை அச்சில் சிதைந்து வந்ததைப் பொறுக்காமல், கருவிகளை வரவழைத்து வீட்டிலேயே ஹாஃப்டோன் ஆய்வில் இறங்கினார். கேமராவுக்குள் வைக்கும் கண்ணாடி ஸ்கிரீனுக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், லென்ஸின் துளை என்ன வடிவம், ஸ்கிரீன் கோணம் என்ன என்று கணக்குப் போட்டுக் கட்டுரைகள் எழுதினார். 1890-களின் பிற்பகுதி தொடங்கி இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டு மலரில் அவை வெளியாயின. அச்சுத் தொழிலின் தலைநகரங்களில் இருந்தவர்கள் கல்கத்தாவிலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்தார்கள். 1913-இல் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய சந்தேஷ் இதழில் அந்தத் திறமை முழுக்க வெளிப்பட்டது.

தமிழில் கார்ட்டூன் என்றதும் பாரதியிடம்தான் போக வேண்டும். 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அது முன்னோடி முயற்சி. அவர் 1919-இல் காரைக்குடிக்கு வந்தார், இந்து மதாபிமான சங்கத்தை வாழ்த்திப் பாடினார். அப்போது எடுத்த அவருடைய புகைப்படம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொத்து. ஆனால் அந்தப் படம் எங்கள் பக்கத்து மலர்களில் வரும் கதியைப் பார்த்தால் மனது கேட்காது. ஒரு மலரில் அச்சான படத்தை ஸ்கேன் செய்து அடுத்த மலரில் போடுகிறார்கள். அதிலிருந்து அடுத்ததில். ஏற்கெனவே புள்ளியாக இருக்கும் படத்தின் மேல் மறுபடி ஒரு ஸ்கிரீன் விழுகிறது. இரண்டு புள்ளி வரிசைகளும் மோதி, நெற்றியில் கட்டம் கட்டமாக அலை ஓடுகிறது. கண் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. பாரதியின் கண்ணை இப்படித் தொலைக்கலாமா?

பெரியவர்களின் படங்களுக்கும் இதே கதிதான். மணிவிழா மலருக்காக, “இது எங்க ஐயா படம், வேற படமே இல்லை” என்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மலரின் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முன்பு வேறொரு இடத்தில் கொடுத்து, அலை அலையாக வந்து, மனம் நொந்து வந்தவர்களும் உண்டு. அப்படிப் பட்ட படத்தைக் குறைந்த அளவில் ஸ்கேன் செய்யவே கூடாது. 150 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அளவில், எடுத்தால் ஸ்கேனரின் கட்டமும் புள்ளியின் கட்டமும் மோதுவது நிச்சயம். 1200-இல் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்து, அதன்பிறகு மென்பொருளில் புள்ளிகள் கரையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்கி, பிறகு அளவைக் குறைக்க வேண்டும். வளவில் பின்பக்கமாக நடந்த பிள்ளைகளின் கண் செய்த வேலைதான் இது. கைபேசியில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது எல்லாவற்றையும் விட மோசம். சுருக்கும்போதே புள்ளி கூழாகிவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

ஆனால் பழைய கார்ட்டூனுக்கு இந்த மங்கலாக்கும் வைத்தியம் கூடாது. புகைப்படத்தில் புள்ளி ஒரு வாகனம், இறங்கிவிட்டால் போதும். கார்ட்டூனில் அந்த டின்ட் வரைந்தவரும் பட்டறைக்காரரும் தேர்ந்தெடுத்த ஒன்று. அது படத்தின் பகுதி. அதை மங்கலாக்கினால் கூடவே கோடும் மங்கும். இணையத்தில் பழைய தமிழ்க் கார்ட்டூன்கள் என்று சுற்றும் படங்களில் பாதிக்கு மேல் இப்படி வழித்தெடுத்தவை. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்துகொண்டே, ஊர் ஊராகப் போய்ப் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆயிற்று. ஓவியர் கண் என்பதால்தானோ என்னவோ, மற்றவர்கள் தூக்கிப்போட்ட துண்டு நோட்டீஸ்கூட அவருக்கு முக்கியமாகத் தெரிந்திருக்கிறது. காகிதம் அப்படி ஒருவர் கையில் பத்திரமாக இருந்தால்தான் நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி எடுக்க முடியும்.

பேச்சு புள்ளி பற்றியது என்பதால் இன்னொன்று. எங்கள் வீடுகளில் மாட்டியிருக்கும் ரவிவர்மா படங்களை முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கப் போகிறவர்கள் ஒரு லூப் கொண்டுபோகலாம். ஓலியோகிராஃப் என்ற பழைய வண்ணக் கல்லச்சுப் படத்தில் நிறத்தின் ஏற்ற இறக்கம் கல்லின் மேல் கையால் வைத்த புள்ளிகளால் வந்தது. லட்சுமியின் கன்னத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஒரு இடத்தில் நெருங்கி ஒரு இடத்தில் விலகி இருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் சீராகக் கூடி வட்டம் வட்டமாகப் பூப்போல் நின்றால் அது பின்னால் ஆஃப்செட்டில் அடித்த மறுபதிப்பு. சட்டம் எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி.

இப்போது கார்ட்டூன் வரைகிற இளைஞர்கள் பெரும்பாலும் டேப்லெட்டில் வரைகிறார்கள், சிலர் என்னிடம் மலருக்கோ உள்ளூர் இதழுக்கோ படம் அனுப்புகிறார்கள். அனுப்புவது 300 டிபிஐ சாம்பல்நிறக் கோப்பு. திரையில் அழகாக இருக்கும். ஆனால் கணினி கோட்டின் ஓரத்தை வழவழப்பாகக் காட்ட இளஞ்சாம்பலில் இழைத்திருக்கும். அச்சுத் தகடு எடுக்கும் கருவிக்கு அந்த ஓரமும் சாம்பல்தான், அதையும் புள்ளியாக்கிவிடும். நூறு வருஷத்துக்கு முன்னால் வாஷ் படத்துக்கு நடந்த அதே ரம்பப் பல் இன்றைக்கும் விழுகிறது. பெஞ்சமின் டேயின் முறையால் தீர்ந்திருந்த சிக்கலைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறோம்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோட்டைத் தனி அடுக்கில் வையுங்கள். 1200 டிபிஐ, கறுப்பும் வெள்ளையும் மட்டும், ஓரத்தில் இழைப்பு வேண்டாம். சாம்பலை அதற்குக் கீழே இன்னொரு அடுக்கில் தட்டையாக நிரப்புங்கள், கோட்டுக்கு அடியிலும் கொஞ்சம் ஓடட்டும், இல்லாவிட்டால் வெள்ளை இடுக்கு விழும். சாம்பல் இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. நியூஸ்பிரிண்ட் என்றால் 10, 25, 40 சதவீதம் என்று வையுங்கள், தாள் மீதியை ஏற்றிக்கொள்ளும். 50-ஐ ஒட்டி வைக்காதீர்கள், அங்கேதான் புள்ளிகளின் மூலைகள் ஒட்டிக்கொண்டு திடீரென்று கறுக்கும். 70-க்கு மேல் வேண்டுமென்றால் முழுக் கறுப்பே போட்டுவிடுங்கள். முகத்தில் டின்ட் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அனுப்பும் முன் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றை வாங்கி, அதில் சாம்பல் எப்படி வருகிறது என்று லூப் வைத்துப் பாருங்கள். லூப் இல்லாதவர்கள் காரைக்குடிப் பக்கம் வந்தால் என் கடையில் பார்த்துக்கொள்ளலாம், குடைக்காரர் பிளாக்கும் அங்கேதான் இருக்கிறது.